பீர் டப்பா விற்ற மூன்று வருஷம்

வீடு வீடாய்ப் பெட்டி தூக்கி விற்கிறவனுக்கு முதல் பாடம், எதிராளி கதவைச் சாத்துவதற்குள் சிரித்துவிட வேண்டும். நான் விற்ற சரக்குக்கு அதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு: தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு, சீமை மால்ட் டப்பா. முளைகட்டின பார்லியைக் காய்ச்சி இறக்கிய பாகு. தேனைவிடக் கெட்டி, நல்ல கறுப்பு. அதோடு ஒரு பொட்டலம் கசப்புப் பூச்சருகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஓர் அச்சடித்த தாள். தாளில் உள்ளபடி கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட்டைத் தூவிப் புளிக்கவைத்து, புட்டியில் அடைத்தால் வீட்டிலேயே பீர் தயார். அடையாறு பங்களாக்களுக்குப் போய், முதல் தடவை கூடவே நின்று செய்து காட்டுவது என் உத்தியோகம்.

பி.ஏ. தேறி இரண்டு வருஷம் மனுப் போட்டு ஓய்ந்தவனுக்கு மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்று இதைக் கொடுத்தது. என்னைப் போல் மனுப் போட்டு ஓய்ந்த சகோதரர்களே, வேலை கிடைத்த அன்று என்ன வேலை என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? அதே கம்பெனி குழந்தைகளுக்கு மால்ட் டானிக்கும் விற்றது. ஆகவே மயிலாப்பூரில் என் மனைவி அலமேலுவிடம் டானிக் விற்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், "எங்காத்துக்காரர் சோனிக் குழந்தைகளுக்கெல்லாம் சத்து கொடுக்கறார்" என்று மாட வீதி முழுக்கச் சொல்லிவந்தாள். கம்பெனிக்குச் செய்த வேலை பாதி என்றால், அவளுடைய அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொண்டது மீதிப் பாதி.

அடுப்பங்கரை ஓரம்

முதல் வாடிக்கை, அடையாற்றில் ஆற்றைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அங்கே சமையல்காரன் அந்தோணி, பக்கத்துக் குப்பத்து ஆள், நாற்பது வயது. துரை எங்கள் இருவரையும் சமையலறையில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். தாளில் 'கதகதப்பான இடத்தில், அடுப்பருகே வைக்கவும்' என்று போட்டிருந்தது. சீமைக் குளிருக்கு எழுதினது அது. நடப்பதோ சித்திரை மாதம். அந்தோணி ஜாடியை ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வைக்கலாம் என்றான். அச்சில் இருப்பதை மீறுவதற்கு நான் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. அடுப்பருகேயே வைக்கச் சொன்னேன். புட்டியில் அடைத்த பிறகும் அங்கேயேதான் அடுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை வீட்டில் விருந்து. சூப் வைத்திருக்கிறார்கள், சமையலறையில் பட்டென்று முதல் புட்டி வெடித்தது. பிறகு வரிசையாய் ஒன்பது. எங்கெங்கோ வெடிகுண்டு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு கர்னலும் அவர் மனைவியும் மேஜைக்கு அடியில் போய்விட்டார்களாம். மறுநாள் நான் போனபோது அந்தோணி சுவரில் பீர் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழி முழுக்க அவன் தலையில் விழுந்திருந்தது. தப்பு என்னுடையது என்று துரையிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தோணி தேய்ப்பதை நிறுத்திவிட்டு இதை மட்டும் சொன்னான்:

"எங்க குப்பத்தாண்ட கள்ளு எறக்கறவன் பி.ஏ. பட்சவன் இல்ல சாமி. ஆனா அவன் பானை ஒண்ணுகூட வெடிச்சது இல்ல."

கஷாயம்

துரைமார் மட்டும்தான் வாங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புதுத் தெருக்கள் போட்டிருந்தார்கள். அங்கே புது வீடு கட்டியிருந்த ரிடையர்ட் சப்-ஜட்ஜ் ஒருவர் எனக்கு ஆள் அனுப்பினார். "ஓய், வாயுவுக்கு வைத்தியர் கொடுத்த கஷாயம்னு ஆத்துல சொல்லியிருக்கேன். வாயைத் தொறந்துடாதேயும்" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம்.

ஒரு நாள் காலி டப்பாவை எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். அன்று அவர்கள் வீட்டில் ஏதோ ஹோமம். சாப்பாடு முடிந்து, ஹோமம் பண்ணிவைத்த வாத்தியார் வயிற்றைத் தடவிக்கொண்டு, பொருமுகிறது என்று முனகினார். ஜட்ஜின் மனைவி நல்ல மனுஷி. உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையக் 'கஷாயம்' கொண்டுவந்துவிட்டாள். ஜட்ஜ் என்னைப் பார்த்தார். நான் ஜட்ஜைப் பார்த்தேன். வாத்தியார் அண்ணாந்து ஒரே மூச்சில் விட்டுக்கொண்டார். நீங்கள் சிரிப்பீர்கள், நானும் பிற்பாடு சிரித்ததுண்டு. ஆனால் கூடத்தில் நின்றுகொண்டு ஓர் ஆசாரசீலர் தெரியாமல் பீர் குடிப்பதைப் பார்த்தேனே, அப்போது ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்கிற ஒரே வார்த்தை, சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குட்டு வெளிப்படும். அதனால் அவர் ஆசாரம் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். மருந்தைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று மாமி சொல்ல, வாத்தியார் ஒரு நீண்ட ஏப்பம் விட்டு, என் பக்கம் கையைத் தூக்கினார்:

"தீர்க்காயுசா இருக்கணும்டா கொழந்தே. மாமி, இதுல இன்னும் அரை டம்ளர் இருக்குமோ?"

கள்ளுக்கடை வாசல்

மூன்றாவது வருஷம் ஊரெல்லாம் கள்ளுக்கடை மறியல். அலமேலு மாதர் சங்கத்தில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாலு மாசம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். என்ன காரணம் சொல்வது? உடம்பு என்றேன். "உங்க டானிக்தான் இருக்கே" என்று சிரித்துக்கொண்டே கதர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரு நாள் முற்பகல், பெட்டியோடு அடையாற்றுப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் கள்ளுக்கடை வாசலில் நாலு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களைக் கைகூப்பி மறித்தார்கள். ஓரத்தில் நின்றவள் அலமேலு. வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவள் எதிரே நெளிந்துகொண்டு நின்றவன் அந்தோணி. நான் ஒதுங்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் நின்ற சங்கத் தலைவியிடம், "எங்காத்துக்காரர்" என்று பெருமையாகச் சொன்னாள். அந்தோணி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் பெட்டியைப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் சிரித்தான்:

"நல்லா கீது சாமி! நான் குட்சா பாவம்னு அம்மா கையெட்த்துக் கும்புடறாங்க. நீ பொட்டில தூக்கிக்கினு போறது இன்னா, தீர்த்தமா?"

கற்பூரம்

குடிகாரன் உளறல் என்று அலமேலு அதை அங்கேயே விட்டுவிட்டாள். தலைவி விடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது, உன் புருஷன் விற்பது என்னவென்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்பாள் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, வயிற்றிலிருக்கும் குழந்தையின் பேரில், என் அகத்துக்காரர் சாராய வியாபாரம் செய்கிறவர் இல்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்திருக்கிறாள். அதற்கு மேல் எங்களில் சத்தியம் கிடையாது. பொய்யானால் யார் பேரில் செய்ததோ அவர்களைத்தான் தாக்கும் என்பார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். உள்ளங்கையில் சின்னக் கொப்புளம். "எல்லார் வாயையும் அடைச்சுட்டேன்" என்றாள்.

பிசைந்த சாதம் அப்படியே இலையில் இருந்தது. சொன்னேன். டப்பா, ஈஸ்ட், பங்களா, ஜட்ஜ், எல்லாவற்றையும், தலை நிமிராமல் சொன்னேன். அவள் அழவில்லை. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மட்டும் கேட்டாள். என்னையே கேட்டாள், பாருங்கள். வேறு யாரைக் கேட்பாள்? அன்றுபோல் வெட்கப்பட்ட நாள் என் ஆயுசில் கிடையாது.

மறுநாள் காலையில் தலைவிக்குச் சொல்லி அனுப்பி, எல்லோரையும் அதே சந்நிதிக்கு வரவழைத்தாள். என்னையும் அழைத்துப் போனாள். "நேத்து நான் பண்ணின சத்தியம் பொய். தெரியாம பண்ணினேன். மீதியை இவர் சொல்லுவார்" என்று சொல்லி விலகி நின்றாள். பதினைந்து பெண்களுக்கு எதிரே, வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சக் கற்றுக்கொடுக்கிறவன் நான் என்று சொன்னேன். எத்தனையோ துரைமாரிடம் பேசி விற்ற வாயில் அந்த நாலு வார்த்தை வரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. தலைவி சங்கத்து நோட்டைத் திறந்து அலமேலுவின் பேரை அடித்தாள்.

குளக்கரை வழியே திரும்பினோம். எப்போதும் இரண்டு அடி பின்னால் வருகிறவள் அன்று முன்னால் நடந்தாள். தெருமுனை திரும்பும்போது நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"சங்கத்துல என் பேரை அடிச்சாச்சு. உங்க கம்பெனியில உங்க பேர் இன்னும் இருக்கோ?"

அன்று மத்தியானமே போய் அடித்துவிட்டு வந்தேன். ஆக, ஆயுசில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல் குடியால் மானம் கெட்டவன் மயிலாப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.