ஞானசுந்தரி டீச்சரும் பெயர் வெட்டாத கப்புகளும்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கொத்துகளை மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கை ஈரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்துப் பார்த்தால் என் மகள் பவித்ரா. தேனியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பிள்ளை இல்லை. அவளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு காதில் வைத்தேன்.

"யம்மா, டீச்சரு போயிட்டாகம்மா."

"எந்த டீச்சரு?"

"நமக்கு எத்தன டீச்சரும்மா இருக்காக?" என்று அழுதாள்.

காலையில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்களாம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைக்கிறோம், நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

ஞானசுந்தரி டீச்சருக்குச் சொந்த ஊர் போடி. பஜாரில் அவர்கள் தம்பிக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓடைப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் தொடக்கப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது பவித்ரா மூன்றாவது படித்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு உண்டு. ஓடினால், வெயிலில் நின்றால் வந்துவிடும் என்று பயந்து, விளையாட்டுப் பீரியடில் அவளை உட்கார வைத்துவிடச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன். மற்றப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். இவள் அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதுவே பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் அவளை 'செருப்புக்கடை' என்றே கூப்பிட ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று காலையில் வயிற்று வலிக்கு நடிப்பாள்.

டீச்சர் வந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"பாண்டியம்மா, இவ செருப்புக் காவலுக்கா பள்ளிக்கூடம் வாறா?"

"விழுந்துருவா டீச்சர்."

"ஓடாத வெளையாட்டு ஒண்ணு இருக்கு. கேளுங்க."

அப்போதுதான் டம்ளர் அடுக்குகிற விளையாட்டைச் சொன்னார்கள். பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில் பார்த்தார்களாம். கீழே இரண்டு, மேலே ஒன்று. ஏற்றிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிவிட வேண்டும். மூன்று பழகினால் ஆறு, ஆறு பழகினால் பத்து. ஒன்று விழுந்தால் அதை எடுத்து நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடலாம். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எங்கள் ஊரில் இடது கையை நீட்டினாலே ஆத்தாமார்கள் சுளீரென்று ஒன்று வைப்பார்கள். அதனால் பிள்ளைகளுக்கு அந்தக் கை வரவே வராது. டீச்சர் பின்னாலிருந்து சத்தம் போடுவார்கள்.

"ஏலே, ஒம் பீச்சாங்கை சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது பாரு. அதுக்கும் வேலை குடு!"

பிள்ளைகள் சிரிக்கும். பவித்ராவும் சிரித்தாள் என்று கேள்விப்பட்டு நான் வேலைக்குப் போகிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வீட்டிலிருந்து மூன்று மூன்று எவர்சில்வர் டம்ளர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எல்லா வீட்டு டம்ளரிலும் பெயர் வெட்டியிருக்கும், மாறிப் போகாது என்று டீச்சர் நம்பினார்கள். பாத்திரக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளை பெயரைப் படித்தா எடுக்கும்? அதிலும் அடுக்கின டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். உள்ளே இருப்பது யாருடையது என்று வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் தெரியும்.

அப்படித்தான் என் டம்ளர் ஒன்று மேலத்தெருப் பேச்சியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் கீழத்தெரு. மேலத்தெருக்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நடந்தது புரியாது, அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் பேச்சியம்மா அந்த டம்ளரைச் சேலை முந்தானையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். என்னையும் வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள்.

"இது யாரு டம்ளருன்னு பாத்தீகளா டீச்சர்? பேரைப் படிங்க! இதுல எங்க வீட்டுல காப்பியே குடிச்சு முடிச்சாச்சு!"

"காப்பி குடிச்சது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தோட்டத்துக்குப் போயிருக்காரு."

"அப்ப டம்ளர்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிட்டன. பேச்சியம்மாவின் மகள் கௌசல்யாவும் சேர்ந்து சிரித்தது. பேச்சியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நக்கலா டீச்சர்? டம்ளர் கழுவி அடுக்குறதுக்கு எம்மக என்ன டீக்கடைக்கா போகப் போறா? ஊரைக் கூட்டிப் பேசிக்கிறேன்" என்றாள். தலைமையாசிரியர் பெரிய சாரும் பயந்துவிட்டார்கள். "டீச்சர், இந்த வெளையாட்டு போதும், நிப்பாட்டிருங்க" என்றார்கள்.

பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும், "விட்டுருங்க டீச்சர். எம்புள்ள செருப்புக்கிட்டயே இருந்துக்கிரட்டும்" என்றேன்.

டீச்சருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்சியம்மாவிடம் இல்லை, என்னிடம்.

"நீங்க வேணா விடுங்க பாண்டியம்மா. நான் விடமாட்டேன்."

பேச்சியம்மா கையிலிருந்த டம்ளரை வாங்கினார்கள். பானையில் மோந்து, வாய் வைத்து, மடக் மடக்கென்று முழுதும் குடித்தார்கள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்:

"நக்கல் இல்லம்மா. தப்பு எம்மேலதான். பேரு வெட்டியிருக்கேன்னு நம்பிட்டேன். பேரு வெட்டுன சாமான வச்சுப் புள்ளைக ஒண்ணா வெளையாட முடியாதுன்னு இப்பத்தான் தெரியுது."

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஊரும் கூடவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் தேனியிலிருந்து ஒரு சாக்கு நிறையப் பிளாஸ்டிக் கப்பு வாங்கிவந்தார்கள். எல்லாம் ஒரே பச்சை நிறம். யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உருவவே வரவில்லை. "உள்ள காத்து மாட்டிக்கிருது. அடியில ஓட்டை போடணும்" என்றார்கள். நானும் டீச்சரும் சத்துணவு அடுப்பில் கம்பியைக் காய்ச்சி ஒவ்வொரு கப்பாகச் சுட்டோம். சிறிது நேரத்தில் பேச்சியம்மா மகளைத் தேடி வந்த மாதிரி வந்து நின்றாள். "அடுப்பு அணையப் போகுது, அது கூடத் தெரியாம ரெண்டு பேரும்..." என்று சொல்லிக்கொண்டே விறகைத் தள்ளிவிட்டாள்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். வெளியே அடுக்கினால் கப்பெல்லாம் வெங்காயக் காட்டுக்குப் பறந்துவிடும். அதனால் வகுப்புக்குள்ளேயேதான் விளையாட்டு. பவித்ராவுக்குக் கை அப்படி ஓடியது. கண்ணால் பார்த்துத் தீராது. கௌசல்யாதான் அவளுக்குச் சரியான போட்டி. 'செருப்புக்கடை' என்ற பெயர் எப்போது மறைந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொன்னதும், அவள் கையில் கொடுக்க இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பவித்ராவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் சால்வையை மடித்து வைத்து, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வலிப்பு நின்றிருந்தது. மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து கடகடவென்று கப்பு அடுக்கிக்கொண்டிருந்தன.

"எம்புள்ள இப்படிக் கெடக்கா, இதுகளுக்கு வெளையாட்டா டீச்சர்?"

"நான்தான் வெளையாடச் சொன்னேன். சாவிய உள்ள வைங்க, அது எதுக்கும் ஆகாது. கண்ணு முழிக்கயில எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தா அவளுக்கு எப்படி இருக்கும்? வெளையாட்டு நடந்துக்கிட்டு இருந்தா, தன் மொற எப்பன்னு கேப்பா."

கொஞ்ச நேரம் கழித்துப் பவித்ரா கண் விழித்தாள். என்னைப் பார்க்கவில்லை. "யாரு ஜெயிச்சா?" என்றாள்.

"நாந்தேன். நீ பாதியில தூங்கிட்ட" என்றது கௌசல்யா.

பிறகு டீச்சரே தேனிக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரையில் இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆனால் என் பயம் அடங்கவில்லை. அவள் தேனியில் வேலைக்குச் சேர்கிறேன் என்றபோது நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேன். வேலை முடிந்து போடிக்கே போய்விட்டிருந்த டீச்சர் போனில் சொன்னார்கள்: "விழுந்தா எந்திரிப்பா பாண்டியம்மா. நீங்க பிடிச்சுக்கிட்டே இருந்தா அவ எங்கிட்டு எந்திரிக்க?"

டீச்சர் போன செய்தி கேட்டு, சின்னமனூரில் பஸ் மாறி நான் போடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பவித்ரா எனக்கு முன்னால் தனியாக வந்து சேர்ந்திருந்தாள். கௌசல்யாவும் கூடப் படித்த பிள்ளைகளும் அவளைச் சுற்றி நின்றார்கள். போதகர் ஜெபம் பண்ணி முடித்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் வந்ததும் அந்தப் பெண் பிள்ளைகள் முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருவர், "பொம்பளப் புள்ளைக தூக்குறதா?" என்றார். டீச்சரின் தம்பி தலையை ஆட்டி, "தூக்கட்டும். அக்காவுக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

முன் மூலையில் பவித்ரா. வாசலில் படி இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவள். "ஆத்தா, நீ வேணாம்த்தா, விட்டுரு" என்று குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

மறு மூலையைப் பிடித்திருந்த கௌசல்யா சொன்னது: "அத்தே, அவ பிடிச்சுட்டா. நீங்க வழிய விடுங்க."

நான் ஒதுங்கிக்கொண்டேன். பிள்ளைகள் ஒரு படி, ஒரு படியாக, பெட்டி சாயாமல் இறக்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் டீச்சர் என்னைக் கடந்து போனார்கள்.

நல்லபடியாகப் போங்கள் டீச்சர். முன்னால் பிடித்திருப்பது என் மகள்தான்.