அண்ணன் சட்டைப்பையில் கிடந்த டாங்கிள்

போர்டு அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். இருக்காதா பின்னே? பெயர்ப்பலகைக் கடை அண்ணனுடையது. வேலை முழுக்க அவளுடையது. அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில் எழுத்து வெட்டும் மெஷின் வந்த புதிதில் அண்ணன் அதன் பக்கமே போகவில்லை. "இதெல்லாம் என் தலையில எங்க ஏறப்போகுது, நீயே பாத்துக்கோ" என்று ஒதுங்கிக்கொண்டார். எந்த எழுத்தை முதலில் வெட்டுவது, சுற்றிச் சுற்றி வெட்டும் ஊசிமுனை பிட் எவ்வளவு ஆழம் இறங்குவது என்று கண் எரிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பழகியவள் அவள்தான்.

அந்த சாஃப்ட்வேர் சும்மா திறக்காது. டாங்கிள் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். அதைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் மெஷின் ஓடும். சாயங்காலமானால் அண்ணன் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் அவர் சாவகாசமாக வந்து சேரும்வரை, அவசரமாக நிற்கும் வாடிக்கையாளர்களிடம் அவள்தான் பேச்சு வாங்க வேண்டும். "என்கிட்டயே இருக்கட்டுமே அண்ணா" என்றால், "தொலைச்சிட்டா யார் பதில் சொல்றது?" என்பார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொலைக்காதவளைப் பார்த்து! என்றாவது கடை போர்டில் தன் பெயரும் ஏறும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

"கடைக்குப் புது போர்டு வெட்டணும்" என்று அண்ணன் வந்து நின்றபோது அவளுக்கு மனசு குளிர்ந்துதான் போனது.

"மேல என் பேரு. கீழ மாப்பிள்ளை பேரு."

போன மாதம் அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். "அழகா வெட்டிடுங்க அத்தை" என்றார்.

"என் பேரு?"

"நீ வீட்டு ஆளு. உனக்கு எதுக்கு போர்டு?"

"அப்போ மாப்பிள்ளை வெளியாளா?"

"பேச்சுக்குப் பேச்சு பேசாத. இனிமே டாங்கிள் அவர்கிட்டதான் இருக்கும். வேணும்னா கேட்டு வாங்கிக்கோ."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்து மெஷினை ஓட விட்டாள். அண்ணன் பெயர் பிசிறில்லாமல் வெட்டப்பட்டது. அவர் முகமெல்லாம் பூரிப்பு. மாப்பிள்ளையின் முதல் எழுத்தில் பிட் பாதி போயிருந்தபோது டாங்கிளைப் பிடுங்கினாள்.

மெஷின் அப்படியே நின்றது. பிட் மட்டும் நின்ற இடத்தில் சுற்றி அக்ரிலிக்கை உருக்கியது. நாற்றம் குப்பென்று கிளம்பியது. சிவப்புப் பட்டனை அழுத்தி அதையும் நிறுத்தினாள். கோபம் அண்ணன் மேல். பிட் என்ன பாவம் செய்தது?

"என்னடி பண்ணின?" அண்ணன் பதறினார்.

அவர் சட்டைப்பையில் டாங்கிளைப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். "தொலைக்கல. உங்க பையிலயே பத்திரமா இருக்கு. மிச்சத்தை மாப்பிள்ளையை வெட்டச் சொல்லுங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். எதிரே ஒரு வாடிக்கையாளர் வந்தார். "அக்கா, என் போர்டு ரெடியா? இன்னைக்குத் தர்றேன்னு சொன்னீங்களே."

"உள்ள அண்ணன் இருக்கார்" என்றாள். "அவர் பதில் சொல்வார்."