மெழுகுத்தாள் சரோஜா

திருவண்ணாமலையில் தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இடங்கள் அப்போது ஒன்றோ இரண்டோதான். அதில் ஒன்று தேரடித் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு நெல் மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது. நடத்தியவர் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால், இதுவாவது நிலைக்கட்டும் என்று அவர் அம்மா வைத்த பெயர். போர்டில் அதை முழுசாக எழுதக் கூச்சப்பட்டு ‘எம். கட்டி, பிரின்சிபால்’ என்று எழுதிக்கொண்டார். ஊருக்கு அவர் மாஸ்டர்.

சரோஜா அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிற அப்பாதுரையின் மகள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு மாஸ்டரிடம் டைப் படிக்க வந்தாள். லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிய பிறகு மாஸ்டர் அவளை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மத்தியானம் வெளி வேலை: கோர்ட்டு மனு, கோயில் திருவிழா அறிக்கை, சங்கத்து நோட்டீஸ்.

நோட்டீஸ் என்றால் சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய மெல்லிய நீலத்தாளை மெஷினில் ஏற்றி, ரிப்பன் படாமல் அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் மெழுகு விலகும். அந்தத் தாளை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் விலகிய வழியாக மை இறங்கிக் காகிதத்தில் பதியும். கையெழுத்துப் போடவும் கோடு இழுக்கவும் ஊசிமுனைப் பேனா ஒன்று உண்டு. சரோஜாவுக்கு அந்தப் பேனாவின் மேல் தனிப் பிரியம். பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார்களின் முகத்தை நோட்டுக் கடைசிப் பக்கத்தில் வரைந்து அடி வாங்கியவள் அவள்.

எமர்ஜென்சி முடிந்து சங்கங்கள் மறுபடி வாய் திறந்த வருஷம். ரைஸ்மில் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் சகாதேவன் ஒரு நோட்டீஸை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் ஒரு மில்லில் மூட்டை தூக்குகிறவர்தான். அந்த மில் களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுக்கு மழை நாளில் கூலி கிடையாது என்பதுதான் நோட்டீஸின் விஷயம். மேகம் கறுத்தால் ஓடி ஓடி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது அந்தப் பெண்கள்தான். மூடி முடித்ததும் இன்றைக்கு வேலையில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று நனைய நனைய அனுப்பிவிடுவார்கள்.

அடித்து முடித்தபோது தாளின் கீழ்ப்பாதி காலியாகக் கிடந்தது. சரோஜா யாரையும் கேட்கவில்லை. ஊசிமுனைப் பேனாவை எடுத்தாள். மூட்டையின் மேல் பெரிய மீசையோடு ஒரு தடித்த ஆள் உட்கார்ந்திருக்க, கீழே எலும்பும் தோலுமாக ஒருத்தி மழையில் நின்று அழுகிற மாதிரி ஒரு படம் போட்டாள். அடியில் ‘நெல்லுக்குத் தார்ப்பாய், ஆளுக்கு மழையா?’ என்று எழுதினாள்.

மாஸ்டர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்த்தார். சுற்றுவதை நிறுத்தி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“மீசை கொஞ்சம் ஜாஸ்தி” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

சகாதேவனுக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. இது கோரிக்கை நோட்டீஸா, சினிமா நோட்டீஸா என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். ஆனால் அடுத்த வாரமே வந்து, இந்தத் தடவையும் கீழே இடம் விட்டிருப்பதாகச் சொன்னார். களத்துப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் கம்மி. அதுவரை நோட்டீஸை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனவர்கள், இப்போது நின்று பார்த்தார்கள், பேசினார்கள். படம் போட்டது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

அவர்களில் ஒருத்தி படியேறி நேராகவே வந்துவிட்டாள். பெயர் பச்சையம்மாள். களத்தில் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள். நல்ல உயரம், தோள் அகலம். நோட்டீஸை மேஜை மேல் விரித்து வைத்து, இதைப் போட்டது யார் என்று கேட்டாள். சரோஜா எழுந்து நின்றாள்.

“எங்க மூஞ்சி இப்டியா கீது? நல்லாப் பாரு. நாங்க எங்க அழுதோம்?”

கஷ்டத்தைக் காட்ட வேண்டுமே என்று போட்டேன் அக்கா என்று சரோஜா மெதுவாகச் சொன்னாள்.

“கஷ்டம் இல்லன்னு யார் சொன்னா? ஆனா அழுவுறவளுக்கு எவன் பயப்படுவான்? நாளைக்கு மில்லுக்கு வா கண்ணு. வந்து பாத்துட்டுப் போடு.”

மறுநாள் சரோஜா போனாள். கொதிக்கிற சிமென்ட் களத்தில், பாதத்தில் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசையாக நெல்லைக் காலால் அளைந்துகொண்டே நடந்தார்கள். வரிசை கோணாமல் போய்த் திரும்பி வந்தது. ஒருத்தி ஏதோ சொல்ல, வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. மேஸ்திரி வந்தபோது சிரிப்பு நின்றது, நடை நிற்கவில்லை. பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்து, மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டாள். சரோஜா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தான் மாடியில் உட்கார்ந்து மனசாலேயே யாரையோ வரைந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஒரு பகலுக்காக அவள் கடைசிவரை பச்சையம்மாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் படங்களில் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள், பெரிதாக. முதலாளிதான் சின்னதாகிப் போனார். மெழுகுத்தாளில் கறுப்பை நிரப்ப முடியாது, மை வழிந்துவிடும். முழு வட்டம் போட்டால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதனால் முதலாளியின் வயிற்றை வளைத்துக்கொண்டு வந்து ஒரு பக்கம் திறந்தே விட்டுவிடுவாள். களத்தில் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு போட்டாலும் நிறையாத வயிறு, அதனால்தான் மூடவில்லை என்று சொல்லிச் சிரித்தார்களாம். சரோஜா அதை மறுக்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசி மழையில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வரும் முன் அரிசி வெளியே போகவேண்டும் என்று மில்லில் அவசரம். நோட்டீஸ் இரண்டு நாளைக்கு ஒன்று போனது, ஒவ்வொன்றிலும் ஒரு படம். முதலாளி குடையை நெல் மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு தானும் நனைகிற படத்தை டீக்கடைகளில் ஒட்டி வைத்தார்கள்.

ஒரு நாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மில் மேனேஜர் படியேறி வந்தார். அந்த மாடி மில் முதலாளியின் மச்சானுக்குச் சொந்தம். மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டீஸை நீட்டி, படம் போட்டது யார் என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றார் மாஸ்டர்.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டி, “அப்ப ஒரு யானை போட்டுக் காட்டுங்க மாஸ்டர்” என்றார்.

மாஸ்டர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் வரைந்தார். அவர் தள்ளி நின்றபோது பலகையில் நாலு காலுள்ள ஏதோ ஒன்று இருந்தது, முன்னால் குழாய் மாதிரி ஒன்று தொங்கியது. கடைசி வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மேனேஜரும் சிரித்தார். சிரித்து முடித்து, டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சரோஜா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உக்காந்து அடிம்மா. ஸ்பீடு கம்மியாவுது” என்றார். பிறகு மேனேஜரிடம், “நோட்டீஸ் எங்க மெஷின்ல ஓடினது. கேக்கறதை என்னைக் கேளுங்க” என்றார்.

அந்த வாரக் கடைசிக்குள் மாடியைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது.

சரோஜா தானே போய் ஒப்புக்கொள்வதாகச் சொல்லி அழுதாள். மாஸ்டர் அவள் அழுது முடிக்கும்வரை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீ போய்ச் சொன்னா, நாளைக்கு உங்க நைனாகிட்ட ஆள் போவும். அப்புறம் உன்னை ஊரைத் தாண்ட விடுவாரா? எனக்கு இந்த இடம் போனா வேற இடம்” என்றார். கொஞ்சம் கழித்து, “எனக்கும் பயமாத்தான் கீது. அதை இன்னா பண்றது” என்றார்.

வேறு இடம் லேசில் கிடைக்கவில்லை. மில்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. பச்சையம்மாளுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு தம்பி இருந்தான். அவன் வைக்கோல் போட்டு வைத்திருந்த நீளமான அறையை ஒழித்துத் தரச் சம்மதித்தான். சாமான்களை ஏற்றப் பார்த்தால் மாட்டு வண்டிக்காரர்களும் தயங்கினார்கள், நாளைக்கு மில்லில் கிடைக்கிற வண்டி வாடகை போய்விடுமே என்று. மாஸ்டர் படிக்கட்டில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் களத்துப் பெண்கள் வந்தார்கள். ஸ்டிரைக்கில் இருந்ததால் எல்லோருக்கும் பகல் முழுக்க நேரம் இருந்தது. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக மாடிக்கு ஏறினார்கள். சகாதேவனும் மூட்டைக்காரர்களும் கைகொடுக்க வந்தபோது பச்சையம்மாள் தடுத்துவிட்டாள்.

“நோட்டீஸ் எங்களுக்காவ அடிச்சது. நாங்களே தூக்கறோம்.”

டைப்ரைட்டர் அந்தக் காலத்து இரும்பு. கழுத்து இறங்கிவிடும். மூட்டை தூக்கிப் பழகிய தலைகள் அதைத் தாங்கின. பச்சையம்மாள் ஒன்று, கன்னியம்மாள் ஒன்று, ஆதிலட்சுமி ஒன்று என்று வரிசை கட்டியது. தேரடித் தெருவில் நட்டநடு ரோட்டில், கோஷம் எதுவும் போடாமல், களத்தில் நடப்பது போலவே வரிசை கோணாமல் போனார்கள். கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவர்களுக்குப் பின்னால் மெழுகுத்தாள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சரோஜா போனாள். மாஸ்டர் தன் போர்டைத் தானே தூக்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே, வைக்கோல் வாசம் போகாத அந்த அறையில், அவள் பார்த்ததை அப்படியே வரைந்தாள். தலையில் மெஷின்களோடு பெண்கள் வருகிற படம். முதலாளியை அதில் எங்கேயும் போடவில்லை, அடியில் ஒரு வரிகூட எழுதவில்லை. எத்தனையோ பேர் தெருவில் நின்று பார்த்த காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தாள் மற்ற மில்களுக்கும் போனது. அங்கேயும் பெண்கள் ஒரு நாள் களத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்தார்கள்.

தீபத்துக்கு முன்னாலேயே பேச்சுவார்த்தை முடிந்தது. மழை நாளில் பாதிக் கூலி, ஒதுங்கி நிற்க ஒரு தகரக் கொட்டகை. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மத்தியான ஓய்வைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள். ஸ்டிரைக்கின்போது வேலையை விட்டு நீக்கிய சகாதேவனை மறு வருஷம்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஆனாலும் முதல் மழைக்குக் கொட்டகையில் நின்றுகொண்டு பெண்கள் போட்ட சத்தம் ரோடுவரை கேட்டதாம்.

செங்கம் ரோட்டுக்கு ஆரம்பத்தில் பிள்ளைகள் அவ்வளவாக வரவில்லை. தேரடியிலிருந்து தூரம். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குறைத்துக்கொண்டார். பிறகு ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, கட்டுக்கட்டாக இங்கிலீஷில் எழுதியதை அடித்துத் தரச் சொன்னார்கள். யாரும் எதிர்பார்க்காத வரும்படி. மாஸ்டர் இன்னொரு இங்கிலீஷ் மெஷின் வாங்கினார். தன்னைத் துரத்தியவர்களுக்குத்தான் ஒரு கும்பிடு போடவேண்டும் என்று சொல்லிக்கொள்வார்.

சரோஜா பஸ் கண்டக்டர் மூர்த்தியைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தெரிவதற்கு முன்பே அவனுக்கு அவள் படங்கள் பழக்கம். எண்பதுகளில் அவள் பீடி சுற்றுகிறவர்களுக்குப் போட்டாள், முனிசிபாலிட்டி துப்புரவுத் தொழிலாளிகளுக்குப் போட்டாள், மூர்த்தியின் சங்கத்துக்கும் போட்டாள். யாருக்குப் போட்டாலும் முதலில் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஒரு பகல் நின்றுவிட்டுத்தான் வருவாள். எதிலும் பெயர் போட்டதில்லை.

ஒரு மே தினத்தில் அவளுக்குச் சால்வை போடுவது என்று சங்கங்கள் சேர்ந்து முடிவு பண்ணின. மேடை அவளுக்குப் பழக்கமில்லை. மைக் முன்னால் நின்று, எழுதிக் கொண்டுபோனதை மறந்துவிட்டு, அன்றைக்கு மெஷின் தூக்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு மாஸ்டரின் பெயரை, அவர் போர்டில் எழுதாத முழுப் பெயரை, சொன்னாள். “இவங்க இல்லன்னா நான் ஊர்லயே இருந்திருப்பேன். இவங்களாலதான் வரைஞ்சேன்” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். முன் வரிசையில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது பச்சையம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் பேசினாய், ஆனால் திரௌபதியை விட்டுவிட்டாயே என்றாள். எல்லாவற்றிலும் கனமான சைக்ளோஸ்டைல் மெஷினைத் தூக்கியவள் அவள்தான். கனத்தால் நின்று நின்று எல்லோருக்கும் பின்னால் வந்ததால், முன்னால் போன சரோஜா கவனிக்கவில்லை. படத்திலும் போடவில்லை.

அவளுக்கு அன்று தூக்கம் வரவில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரௌபதியின் ஊருக்குப் போனாள். திரௌபதி இப்போது மில்லுக்குப் போவதில்லை, மகனோடு சொந்த நிலத்தில் வேலை. வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் சரோஜாவைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவைத்தாள். சரோஜா விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சால்வையை அவள் மேல் போர்த்தப் போனாள்.

திரௌபதி சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெயிலுக்கு இது ஆவாது என்றாள். பிறகு, “அந்த மெஷின் இன்னும் ஓடுதா?” என்று கேட்டாள்.

“ஓடுது யக்கா. நேத்துகூட ஓட்டினோம்.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.