மாப்பிள்ளை தோட்டத்து ஜாயிண்ட்

மலைச்சாமிக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். பீன்ஸுக்குப் பாத்தி போட்டால் கயிறு கட்டித்தான் போடுவார். வேட்டியை உலர்த்தினால் கொடியின் இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்க வேண்டும். மலையில், பேத்துப்பாறை ஊருக்கு மேலே அவர் தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போகிறதே என்று, ஒரு தடவை மண்வெட்டி எடுத்து வெட்டி அதையும் நேராக்கினார். அந்தச் செங்குத்தில் யார் ஏறுவது? ஊரே அவரைத் திட்டிக்கொண்டு பழைய பாதைக்குத் திரும்பியது. "உலக்கைய முழுங்கிட்டுப் பொறந்த மனுசன்" என்பாள் அவர் மனைவி அன்னக்கொடி. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவர் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி முருகம்மாளை அடுத்த தோட்டத்துச் சேனாதிபதிக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்; வேலியைத் தாண்டினால் மாப்பிள்ளை வீடு. அவர்கள் மகள் ராக்காயி நடக்கப் பழகியதிலிருந்து மாமன் தோளைவிட்டு இறங்கியதில்லை. தை பிறந்ததும் அவளுக்குக் காதுகுத்து என்று பேசி முடித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவது! மலைச்சாமி பழனிக்கு இறங்கிப் போய்க் கம்மலை முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டார். தினமும் ஒரு தடவை டப்பாவைத் திறந்து பார்ப்பார், மூடுவார். அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிற நாள்தான் அவருக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம்.

இந்த நேரம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன ஓஸ் பைப் வந்து சேர வேண்டும்!

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்தப் பக்கம் கறுப்பு ஓஸ் பைப் வந்தது. அதற்கு முன் ஓடையிலிருந்து வாய்க்கால்தான். பாதித் தண்ணீரை மண் குடிக்கும், மீதியில் பாதி நண்டு வளைக்குள் போகும். மலைச்சாமி இரண்டு சுருள் பைப் வாங்கி, மேல்முனையை ஓடைக்கரை மரத்தோடு கட்டி, தன் வீட்டுப் பின்னால் இருக்கிற தொட்டிவரைக்கும் இழுத்தார். வழியில் மாப்பிள்ளை தோட்டம். "தாராளமாப் போடுங்க மச்சான்" என்று சேனாதிபதியே கூடமாட நின்று பிடித்தார். நல்ல உச்சிவெயில். தொட்டால் கை சுடுகிற பைப்பை மலைச்சாமி இழு இழு என்று இழுத்து, ஓர் இடத்தில்கூடத் தொய்வில்லாமல், நூல் பிடித்த மாதிரி கிடத்தினார். முதல் சுருள் மாப்பிள்ளையின் பூண்டுப் பாத்தி நடுவில் முடிந்தது. அங்கே ஒரு மூங்கில் துண்டைச் செருகி, இரண்டு பைப்பையும் அதில் ஏற்றி, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். ஜாயிண்ட் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஓடையில் முறை உண்டு. பகல் தண்ணீர் மலைச்சாமிக்கு. பொழுது சாய்ந்தால் பைப் வாயைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்துவிட வேண்டும். விடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கார்த்திகை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழியில் ஒரு நாள் வழக்கத்தைவிட வெள்ளனே கிளம்பிய மலைச்சாமி, பூண்டுப் பாத்தியில் யாரோ குனிந்திருப்பதைப் பார்த்தார். சேனாதிபதி! ஜாயிண்ட் கழன்று கிடக்கிறது, பைப்பின் முனை அவர் கையில் இருக்கிறது. மலைச்சாமி வந்த வழியே திரும்பினார். நேரே பேத்துப்பாறை டீக்கடைக்குப் போனார்.

"என் தண்ணியப் பிடுங்கி விடுறது யாருன்னு நெனைச்சீங்க? என் தங்கச்சி புருசன்தான். இந்தக் கண்ணால பாத்தேன்!"

நாலு பேர் கூடுகிற இடத்தில் சொன்ன பேச்சு நிற்குமா? டீ ஆறுவதற்குள் சேனாதிபதி காதுக்குப் போய்விட்டது. அவர் வேலியோரம் வந்து நின்று, "ஒங்க கண்ணு பாத்துருச்சுல்ல? பெறகு நான் பேச என்ன இருக்கு? எம் மக காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே முருகம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. மலைச்சாமி வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அந்த மனுசனுக்கு ஏது?

மறுநாளிலிருந்து தினமும் ஜாயிண்ட் கழன்று கிடந்தது. "பாத்தியா, வேணும்னே செய்றாரு" என்றார் மனைவியிடம். சணலைச் சுற்றிப் பார்த்தார், கம்பியை முறுக்கிப் பார்த்தார். கம்பி பைப்பை அறுத்ததுதான் மிச்சம். பூண்டுப் பாத்தியில் தண்ணீர் தேங்கியது. கடைசியில் பைப்பில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு, நாயுடுபுரத்தில் பைப் சாமான் விற்கிற கித்தேரியம்மாள் கடைக்குப் போனார்.

"மாப்பிள்ளை கையால கழட்ட முடியாத மாதிரி ஒரு ஜாயிண்ட் குடுங்கம்மா."

"மாப்பிள்ளைக்கெல்லாம் எங்கிட்ட சைஸ் கெடையாதுங்க. பைப்பக் காட்டுங்க" என்று அந்தம்மா துண்டை வாங்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தது. ஒன்று சுலபமாக உள்ளே போனது. அதைத் தூக்கி ஓரமாகப் போட்டது. "லேசாப் போறது லேசா வந்துரும், ஒழுகவும் செய்யும். இதப் பாருங்க, சுத்தி வரிவரியாப் பல்லு இருக்கா? ஏற விடும், எறங்க விடாது. பைப் முனைய சுடுதண்ணில முக்கி, எளகினதும் ஏத்துங்க. ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்குங்க. கம்பி மட்டும் வேணாம்."

சொன்னபடியே மத்தியான வெயிலில் மாட்டி முடுக்கினார். பொட்டுத் தண்ணீர் கசியவில்லை. 'இப்பப் பிடுங்கட்டும் பார்ப்போம்' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

காலையில் முதல் வேலையாக ஜாயிண்டைப் போய்ப் பார்த்தார். அசையவே இல்லை. வெற்றிக் களிப்பில் வீட்டுக்கு வந்தால், பின்பக்கத்தில் அன்னக்கொடி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். தொட்டியின் குழாயில் மாட்டிக் கட்டியிருந்த முனை கழன்று, கீழே கிடந்தது. பிடித்து இழுத்தார். எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது!

"இங்க யாரு வந்து பிடுங்குனா? நாய் இந்த எடத்துலதான் படுத்துருக்கு. கொரைக்கக்கூட இல்ல" என்றாள்.

மலைச்சாமிக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடைக்குப் போகவும் தோன்றாமல் அங்கேயே குத்தவைத்துவிட்டார். பனி விலகி வெயில் ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணைக் கசக்கினார். பைப் முனை புல்லை விலக்கிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னால் வந்தது. உச்சிவெயிலில் தொட்டிச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

"அடக் கடவுளே!" என்று தலையில் கைவைத்தார். வெயிலில் நீள்கிற பைப், ராக்குளிரில் சுருங்குகிறது. தொய்வு விட்டிருந்தால் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். இழுத்து விறைப்பாகக் கட்டிய பைப் எதை விடும்? எந்த முடிச்சு இளைத்ததோ அங்கே கழன்றது. அன்னக்கொடி அவரைப் பார்த்தாள். அவளே வாயை மூடிக்கொண்டாள் என்றால் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்து வேலியைத் தாண்டினார். சேனாதிபதி களைக்கொத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மாப்ளே, பைப்ப நீங்க பிடுங்கல. நான் இழுத்துக் கட்டுனதுதான் தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன்."

"டீக்கடைல சொன்னத டீக்கடைலதான் எடுக்கணும் மச்சான்."

மலைச்சாமி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதே பெஞ்சின் முன்னால் நின்று, எல்லோரும் கேட்கும்படி, "என் மாப்பிள்ளை மேல நான் சொன்னது அபாண்டம். அவர் பிடுங்கல" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது முருகம்மாள் வாசலில் நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு இவுக கையில பைப்பு எதுக்கு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? கார்த்திகை பூராம் தெனமும் கழண்டுதான் கெடந்துச்சு. நீ வர்றதுக்குள்ள போயி இவுகதான் மாட்டிவிட்டாக. நேரா இழுக்காதீகன்னு சொன்னா மச்சான் கோவிப்பாரு, நாமளே செருகி விட்டுட்டுப் போவோம்னு சொன்ன மனுசன்ணே இது!"

மலைச்சாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ராக்காயி வந்து துண்டைப் பிடித்து இழுத்தாள். "ஏ கழுத, மாமாவ விடு" என்று அதட்டிவிட்டு, சேனாதிபதி தீட்டி முடித்த களைக்கொத்தியையே மறுபடி தீட்டினார்.

மறுநாளே இருவருமாகப் பைப்பைக் கழற்றி, பாத்திகளைச் சுற்றி வளைத்து வளைத்துப் போட்டார்கள். அந்தக் கோணலைப் பார்க்கும்போதெல்லாம் மலைச்சாமிக்குக் கை பரபரக்கும். தொட மாட்டார்.

தையில் காதுகுத்து. ராக்காயி மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரியின் கையைப் பார்த்ததுமே வீறிட்டாள். மலைச்சாமி பயந்துபோய் அவளை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"மச்சான், இம்புட்டு இறுக்காதீங்க. புள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றார் சேனாதிபதி.

மலைச்சாமி கையைக் கொஞ்சம் தளர்த்தினார்.