பன்னிரண்டே முக்காலுக்கு ஏழு காகங்கள்

இன்று அமாவாசை. பருப்பு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே பால்கனிக்குப் போனேன். தொம்மலூரில் மகன் வாங்கியிருக்கும் இந்த வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. புறாக்கள் வரக் கூடாதென்று பால்கனி முழுக்க வலை கட்டியிருக்கிறார்கள். அதன் ஒரு மூலையைக் கத்தரித்துக் கை நுழையும் அளவுக்கு நான் வழி செய்து வைத்திருக்கிறேன். மருமகளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். ஏ.சி. பெட்டியின் தலையில் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டேன். எதிர்மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். காகம் எதுவும் வரவில்லை.

நின்றுகொண்டே இருந்தேன். வெயிலில் நெய்ச் சோறு சூடாகி வாசனை வந்தது. யாரைக் கேட்டாலும் அதைச் சமையலறை வாசனை என்றுதான் சொல்வார்கள். எனக்கு மட்டும் அது காவிரிக்கரை வாசனை. அப்படி ஆனதற்கு ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா காரணம்.

அறுபதுகளின் தொடக்கம். ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகாத்மா காந்தி ரோட்டில், அதை அம்மா கடைசிவரை சவுத் பரேடு என்றுதான் சொன்னாள், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் ஒரு ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. யார் யாரோ எங்கெங்கோ போவதற்கான காகிதங்களை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பேன். பந்திப்பூர் யானை, சோமநாதபுரம் கோயில், ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை எல்லாவற்றுக்கும் எழுத்துப்பிழை இல்லாமல் நான் போய் வந்திருக்கிறேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நேரில் போனதில்லை.

கைடாகப் போக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைக் கோட்டை வாசலாக நினைத்துக்கொண்டு அதற்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்வேன். முதலாளி வேலூர்க்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து, ரிட்டையரான பூகோள டீச்சர் ஒருத்தி தனியாக வந்தாள். பெயர் மிஸ் ஆலிஸ். துணைக்கு ஒரு பெண்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு நாள் ட்ரிப்பு. காலைல போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடணும். அந்தம்மா நல்லபடியா லெட்டர் எழுதினா நீ கைடு. இல்லேன்னா பழையபடி டைப்ரைட்டர்" என்றார்.

போகும் நாள் அமாவாசையாக அமைந்தது. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அதனால் அமாவாசை மத்தியானம் காகத்துக்குச் சோறு வைப்பது ஒன்றுதான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே மிச்சமிருந்த போக்குவரத்து. அம்மா வீட்டில் வைப்பாள். ஆனால் மகளும் வைக்காமல் சாப்பிடக் கூடாது என்பது அவள் சட்டம். அதிகாலையில் எழுந்து எனக்கும் டீச்சருக்கும் புளிச்சாதம் கட்டினாள். பக்கத்தில் ஒரு வாழையிலைப் பொட்டலம், பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தது.

"இது அப்பாவுக்கு. எங்க இருந்தாலும் கூப்பிட்டு வச்சிட்டு அப்புறமா வாயில வை" என்றாள்.

காரை ஓட்டியவர் தாவூத் பாய். சிவாஜிநகர்க்காரர், தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். என்னை ‘பேட்டி’ என்பார், உருதுவில் மகள். வழியில் சன்னபட்டணா ஊரைத் தாண்டும்வரை மிஸ் ஆலிஸ் வாயே திறக்கவில்லை. மடியில் நோட்டுப் புத்தகம். கம்பியில் உட்கார்ந்த குருவி, எருமை முதுகில் இருந்த கரிச்சான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். இடம், மணி, எத்தனை. ஒன்றே ஒன்று இருந்தால்கூட ‘ஒன்று’ என்று எழுதுவாள். எனக்கு வீட்டுக்கு வீடு கணக்கு எழுதும் எங்கள் தெரு பால்காரர் ஞாபகம் வந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். சுல்தான் விழுந்த இடம், பாதாளச் சிறை, படம் வரைந்த மாளிகை. மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கோட்டைக்குள் இருந்த சந்துகளில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு வீட்டு வாசற்படியில் கோட்டைக் கல் ஒன்று பதிந்திருந்தது, அதன்மேல் ஒரு பெண் வரட்டி காயப்போட்டிருந்தாள். இந்தக் கல்லை எப்போது எடுத்து வந்தார்கள் என்று கேட்டாள் டீச்சர். என் புத்தகத்தில் அது இல்லை. தெரியாது என்றேன். அதற்குத்தான் அவள் முதல் தடவை சிரித்தாள்.

உண்மையில் அவள் வந்தது கோட்டைக்காக இல்லை. பக்கத்தில் ரங்கனதிட்டில், காவிரிக்கு நடுவே இருக்கும் பாறைத்திட்டுகளில் பறவைகள் கூடு கட்டும். அதில் அகப்பை மாதிரி மூக்கு உள்ள ஒரு வெள்ளைப் பறவை உண்டு. அது கூட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வரைய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் அது நிறையக் கூடு கட்டியதாம். பல தலைமுறைக்கு முன்னால் நின்றுவிட்டதாம்.

"கடைசியாக எந்த வருஷம் கட்டியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அத்தனை இருந்தபோது யார் எழுதுவார்கள்?" என்றாள்.

எனக்கு அப்போது அந்தப் பேச்சு கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. ஒரு கொக்குக்காகக் கப்பலேறி வருவார்களா என்ன? நீளக்கால் உள்ளதெல்லாம் எனக்குக் கொக்குதான்.

படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு, கரையில் மூங்கில் புதர் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு திட்டு. அதன் தாழ்ந்த கிளையில் அவள் தேடி வந்த பறவை உட்கார்ந்திருந்தது. எழுந்து ஒரு தடவை திரும்பி அமர்ந்தபோது கூட்டில் மூன்று முட்டைகள் இருப்பதை பைனாகுலரில் எனக்கும் காட்டினாள். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பசி.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனேன். ஒரு பாறைமேல் இலையை விரித்து, ஆஸ்டின் டவுனில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே, தொண்டை திறந்து கூப்பிட்டேன். கையையும் தட்டினேன். முதலில் ஒன்று வந்தது. அது தன் ஆட்களைக் கூப்பிட்டது. எங்கள் தெருவில்கூட இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. அப்பா என்னைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் சத்தத்தில் திட்டிலிருந்த பறவைகளெல்லாம் எழும்பி வட்டமடித்துக்கொண்டிருந்தன. கூட்டில் தாய் இல்லை. சோற்றை முடித்த காகங்கள் அதைப் பார்த்துவிட்டன.

தாவூத் பாய் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். நடுவில் ஆறு இருக்கிறது, என்ன செய்ய முடியும்? மூன்று முட்டைகளும் போயின. கடைசிக் காகம் மூக்கெல்லாம் மஞ்சளாக எங்கள் பக்கமே திரும்பி வந்து மூங்கிலில் உட்கார்ந்தது. எனக்கு அப்பாமேல் வந்த கோபம்! சாப்பிட வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

தாவூத் பாய் என் பக்கத்தில் வந்து, "நீ ஒண்ணும் சொல்லாதே பேட்டி. காக்கா தானா வந்துச்சு. அவ்ளோதான். லெட்டர் முக்கியம்" என்று முணுமுணுத்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை இல்லை. ஆனால் அந்த மனுஷி காலிக் கூட்டை பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். நான்தான் கூப்பிட்டேன், இன்றைக்கு அமாவாசை, இறந்துபோன என் அப்பா காகமாக வருவார் என்று தெரிந்த இங்கிலீஷில் உளறினேன். தண்ணீர்த் தொட்டிக்கு விளக்கம் சொன்ன வாய்க்கு இதற்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அவள் பைனாகுலரை மூங்கில் பக்கம் திருப்பி, "இவற்றில் உன் அப்பா எது?" என்று கேட்டாள்.

கேலி இல்லை. வாசற்படிக் கல்லைப் பற்றிக் கேட்ட அதே குரல். நான் அந்த மஞ்சள் மூக்கைக் காட்டினேன். நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு நாங்கள் புளிச்சாதம் சாப்பிட்டோம். காரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "காக்கா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. உடனே வந்துச்சு."

அன்று அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதலாளி இரண்டு தடவை படித்தார். "உன்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கா, பொய் சொல்லாத பொண்ணுன்னு. ஆனா கூட்டுப் பக்கம் மட்டும் விடாதீங்கன்னும் எழுதியிருக்கா. நான் என்ன பண்றது, சொல்லு" என்றார். என் இடத்துக்குப் போய் மெஷினின் உறையைக் கழற்றினேன். கல்யாணமாகி வேலையை விடும்வரை அங்கேதான். ரங்கனதிட்டு போகிறவர்களுக்கான காகிதத்தின் அடியில், ‘பறவைகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம்’ என்று ஒரு வரியை நானே சேர்த்துக்கொண்டேன். எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் முகம் சுடும்.

கடிதத்தோடு எனக்கென்று ஒரு காகிதமும் வைத்திருந்தாள். பென்சில் படம். அவள் வரைய வந்த பறவை இல்லை. மூங்கிலில் உட்கார்ந்த காகம், மூக்கில் மட்டும் மஞ்சள் தீற்று. கீழே அவள் வழக்கப்படி இடம், மணி பன்னிரண்டே முக்கால், எண்ணிக்கை ஏழு. அம்மா அதைச் சட்டம் போட்டு அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். முட்டைக் கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அந்தப் படம் இப்போது இந்த வீட்டு ஹாலில் இருக்கிறது. அந்த டிராவல் ஆபீஸ் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தாவூத் பாய் போய் எத்தனையோ காலமாயிற்று. அகப்பை மூக்குப் பறவை மட்டும் இன்னும் வருகிறதாம். டீச்சர் பயந்தது அதற்கு நடக்கவில்லை. மகன் போன வருடம் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினான். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்கு ஏ.சி. பெட்டிமேல் எறும்பு வந்துவிட்டது. கிண்ணத்தை உள்ளே எடுத்துவந்து சாப்பிட உட்கார்ந்தேன். தொம்மலூருக்கு வந்த புதிதில் இங்கேயும் காகங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஐந்தாறு வரும், கிண்ணத்தையே தட்டிவிடும், நான் திட்டுவேன். பிறகு இரண்டு வந்தன. பிறகு ஒன்று. அப்பா கடைசியாக வந்து சாப்பிட்டது எந்த அமாவாசை என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். நான் எழுதி வைக்கவில்லை.