அக்கா அன்று விட்ட வரி

அக்காவின் குரல் எங்கள் வீட்டில் ஒலிக்காமற்போய் ஓராண்டு ஆகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தம்பியாக இதை எழுதுகிறேன்.

அக்கா மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்தார்; அம்மா கொழுந்து பறித்தார். தமிழ்ப்பள்ளியை முடித்து அக்கா தானா ராத்தா நகரில் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, எங்கள் லயத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. தோட்ட ஆபிஸ் கடிதங்கள் எல்லாம் அவரிடமே வந்தன. அவர் படிக்கையில் அம்மா பெருமையோடு பின்னால் நிற்பார்.

பக்கத்து வீட்டு அத்தை கணவரை இழந்த சில வாரங்களில் அப்படி ஒரு கடிதம் வந்தது. அக்காவுக்கு அப்போது வயது பதினான்கு. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைப் படித்துச் சொன்னார். அடுத்த வரி புரியவில்லை. சுற்றி நின்றவர்கள் முன் அதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, விட்டுவிட்டார். உடனே விண்ணப்பித்தால் பிள்ளையின் படிப்பு முடியும்வரை வீட்டில் இருக்கலாம் என்பதே அந்த வரி. அத்தை திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். மகனின் படிப்பு நின்றது. ஈராண்டு கழித்து அதே போன்ற கடிதம் வேறொரு வீட்டுக்கு வந்தபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

பின்னாளில் அக்கா பல்கலைக்கழக விரிவுரையாளரானார். ஆங்கிலக் கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை முதன்முதலாகத் தொடும் மாணவர்களுக்கு அவர்தான் வாசல்.

"கதை படிக்கவாடி சம்பளம் குடுக்குறாங்க?" என்று அம்மா கேட்பார்.

"படிக்க இல்லம்மா, கூட உக்காந்து படிக்க."

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தமக்குப் புரியாத வரியை உரக்கப் படிக்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. ஒரு மாணவி, "மிஸ், எனக்குத் தலைப்பே புரியல" என்றாராம்.

"நல்லது லா, அங்கேருந்தே ஆரம்பிப்போம்."

நோய் முற்றியபோது அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, திரிங்காப் போலாம். அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அத்தை மன்னிக்காவிட்டால் அக்காவின் உடல் தாங்குமா என்று அஞ்சினேன். சொல்லாமலிருப்பதையும் அது தாங்கவில்லை என்பதைக் கண்டு காரை எடுத்தேன்.

அனைத்தையும் கேட்ட அத்தை எழுந்து, பிஸ்கட் டின்னிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தா. இப்ப படி."

அக்கா முழுவதும் படித்துத் தமிழில் சொன்னார்.

"அப்ப என் மவன் படிச்சிருப்பான்."

"ஆமா அத்தே."

"கோவம் வருதுடி."

"வரட்டும் அத்தே."

"வந்துட்டுப் போவுது. டீயக் குடி, ஆறுது."

மன்னித்தேன் என்று அத்தை சொல்லவில்லை. ஆயினும் திரும்பும் வழியெல்லாம் அக்கா, பல மாதங்களுக்குப் பிறகு, அயர்ந்து உறங்கினார். மூன்று வாரங்களில் எங்களைப் பிரிந்தார்.

இக்குறையை மலரில் எழுதுவது முறையா என்று அண்மையில் அத்தையிடமே கேட்டேன். "எழுது லா. விட்டுட்டா மறுபடியும் அதே தப்புதானே?" என்றார்.

நோயில் உடனிருந்த தாதியருக்கும், சமைத்துக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும், மழையில் மலையேறி வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. மகனின் காய்கறி லோரியில் வந்திறங்கிய அத்தைக்கும்தான். இறுதிச் சடங்கன்று, மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த இரங்கல் கவிதையை எடுத்து அவர் என்னிடம் நீட்டினார்.

"படி தம்பி. ஒரு வரியும் விடாத."

கூடியிருந்தவர்கள் முன் படித்துப் பொருள் சொல்லி வந்தேன். பட்டதாரியான நான் நான்காம் வரியில் தடுமாறினேன்.

"இது எனக்குப் புரியல அத்தே."

அன்று தலைப்பே புரியவில்லை என்ற மாணவி எழுந்து வந்து என்னருகில் நின்றார். அந்த வரியை இருவரும் மீண்டும் படித்தோம்.