ஃபார்வர்டு கட்சியும் மிட்ஃபீல்டு கட்சியும் ஏறிய மினி பஸ்

கொடைக்கானல்–பேத்துப்பாறை தடத்தில் ஓடிய ஒரு தனியார் மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்து, போன வருடம்தான் பையைக் கழற்றி வைத்தேன். "டிக்கெட் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, காட்டெருமை அரை மணி நேரம் வழிமறித்து நின்றிருக்கிறது, ஒருமுறை பிரேக்கே பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் என் வேலைக்கு ஆபத்து வந்ததில்லை. ஒரு ஃபுட்பால்காரன் மைதானத்தில் நாற்பது அடி பின்னால் தள்ளி நின்று விளையாடியதற்கு வந்தது.

ஆறு நாற்பது டிரிப்

அந்த ஆட்டக்காரன் பெயர் ஜெபராஜ். நாயுடுபுரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலை. தினமும் காலை ஆறு நாற்பது டிரிப்பில் பேத்துப்பாறையில் ஏறி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நாயுடுபுரம் வரை ஒரு வார்த்தை பேசாமல் வருவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் ஊர் டீமுக்கு அவன்தான் ஸ்டிரைக்கர். எல்லோருக்கும் முன்னால், எதிர் டீம் கோல் பக்கத்தில் தனியாக நிற்பான். பந்து வந்தால் கோல். ஆறு வருடமாக எங்கள் டீம் போட்ட கோலில் முக்கால்வாசி அவன் காலில் பட்டுப் போனதுதான். எங்கள் ஆட்கள் ஸ்டிரைக்கர் என்று சொல்ல மாட்டார்கள், ஃபார்வர்டு என்பார்கள்.

அந்த சீசன் முதல் மேட்சில் ஜெபராஜ் நடுவில், மிட்ஃபீல்டில் நின்றான். பந்தை வாங்கி அங்கே இங்கே பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஜனம் பதறிப்போய் டீமைப் பார்த்துக்கொள்ளும் பி.டி. சாரிடம் கேட்டது. அவர் ஒரே வார்த்தை சொன்னார்: "டாக்டிக்ஸ்." சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். அந்த வார்த்தையை மறுநாள் காலை என் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தது பெரியநாயகி அக்கா. பூண்டு மூட்டையோடு ஏறி சந்தைக்குப் போகிறவர். டீமின் எல்லா மேட்சுக்கும் கடலைப் பொட்டலங்களோடு வந்துவிடுவார்.

"கறிக்கொழம்பு வைக்கத் தெரிஞ்சவளப் புடிச்சு வெங்காயம் உரிக்க ஒக்கார வச்சா நல்லாவா இருக்கும்? கோல் போடுற பயல எதுக்குய்யா நடுவுல நிப்பாட்டுறாரு அந்த சாரு?"

பால் சொசைட்டியில் இருக்கும் செல்லையா அண்ணன் விடவில்லை. "யக்கா, வெங்காயம் உரிக்காம எங்கிட்டுக் கொழம்பு? நடுவுல ஆளு இல்லாமத்தான் போன வருசம் பந்து முன்னாடியே போகல. அவனுக்குக் கண்ணு இருக்கு. நாலு பக்கமும் பாக்குறான். அதான் டாக்டிக்ஸ்."

"ஒங்க டாக்டிக்ஸத் தூக்கி ஒடப்புல போடுங்க."

ஜெபராஜ் இரண்டு சீட் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

லேட்

பேச்சால் வண்டி எப்படி லேட் ஆகும் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஸ்டாப் வரும்வரை சாதாரணமாகப் பேசுவார்கள், முக்கியமான பாயிண்ட்டை இறங்கும்போதுதான் சொல்வார்கள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். சொன்னதற்கு உள்ளேயிருந்து ஒருத்தர் பதில் கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு இறங்கியவர் மறுபடி ஏறுவார். படிக்கட்டில் ஆள் இருக்கும்போது ரைட் கொடுக்க முடியுமா?

ஒரு ஸ்டாப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் வண்டிக்கு டைம்தான் உயிர். நாங்கள் லேட்டானால் பின்னால் வருகிற வண்டிக்காரன் எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பான், சாயந்திரம் எங்கள் முதலாளிக்குப் போன் போடுவான். அப்படி ஒன்பது நாள் போட்டான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்த மாட்டார். கத்தாததுதான் பயம்.

"என்னய்யா, வண்டி ஓட்டுறீங்களா, கிளப்பு நடத்துறீங்களா? அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் தாரேன். அதுக்கப்புறம் ஒரு டிரிப்பு லேட்டுன்னு போன் வந்தாலும் நீ பையக் குடுத்துட்டுப் போயிரு. வேற ஆளு பாத்து வச்சிருக்கேன்."

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அந்த வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு, வேறு எந்த வண்டி என்னைச் சேர்த்துக்கொள்ளும்? பயந்துதான் போனேன்.

என் புத்திசாலித்தனம்

பயந்தவனுக்கு வரும் யோசனை எப்படி இருக்கும்? ஜெபராஜ் முன்னால்தான் நிற்க வேண்டும் என்ற ஃபார்வர்டு கட்சி எல்லாம் முன் சீட், நடுவில்தான் சரி என்ற மிட்ஃபீல்டு கட்சி எல்லாம் பின் சீட் என்று பிரித்து உட்கார வைத்தேன். தள்ளித்தள்ளி இருந்தால் பேச்சு குறையும் என்று நினைப்பு. என்ன ஆயிற்று? பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வண்டி நீளத்துக்குக் கத்த ஆரம்பித்தார்கள். செல்லையா அண்ணன் மனைவி ஃபார்வர்டு கட்சி. அந்த அம்மா முன்னால், இவர் பின்னால். டிஃபன் பாக்ஸ் கை மாறி மாறி ஏழு பேரைத் தாண்டிப் போகும்.

மூன்றாம் நாள் டிரைவர் சூசை அண்ணன் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"யப்பா, மிட்ஃபீல்டு கட்சி பெருத்துப் போச்சு. பின்னாடி லோடு இழுக்குது, முன்னாடி ஸ்டியரிங் நிக்க மாட்டேங்குது. ஃபார்வர்டுக்கு ஒரு நாலஞ்சு ஆளு சேத்து விடு."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சேர்த்தேன். எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களை லோடு பார்த்து உட்கார வைத்தேன். ஒரு பெரியவரிடம், "ஐயா, நீங்க ஃபார்வர்டு, முன்னாடி வாங்க" என்றேன்.

"நான் ஆசுபத்திரிக்குப் போறேன்ப்பா."

"ஆசுபத்திரிக்குத்தான் போறோம். ஃபார்வர்டா இருந்துக்கிட்டே போவோம் வாங்க."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கும்போது அந்தப் பெரியவர் ஒரு கால் தரையில், ஒரு கால் படியில் வைத்துக்கொண்டு, "இருந்தாலும் அந்தப் பயல நடுவுல போட்டது தப்புத்தான்" என்றார். பின்னாலிருந்து எட்டுப் பேர் எழுந்தார்கள். அன்றைக்குப் பதினோரு நிமிடம் லேட்.

கேட்டேன்

சனிக்கிழமை காலை நாயுடுபுரத்தில் ஜெபராஜோடு நானும் இறங்கினேன். சூசை அண்ணன் டீ குடிக்கும் நேரம். எனக்கு மறுநாளோடு கெடு. வேறு வழியில்லாமல்தான் கேட்டேன்.

"ஜெபா, நீயே ஒரு வார்த்த சொல்லிருப்பா. பி.டி. சாரு எதுக்கு ஒன்னைய மாத்துனாரு?"

இயர்போனைக் கழற்றினான். "அவரு மாத்தலண்ணே. நான்தான் கேட்டு வாங்குனேன்."

"எதுக்கு?"

"முன்னாடி நின்னா பேச்சுத் துணைக்கு ஆளு இல்லண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"போன சீசன் கடைசி மேட்ச்சு. மேகம் எறங்குச்சுல்ல, பாதி ஆட்டத்துல? நான் அந்தக் கடைசில நிக்கேன். என் கையே எனக்குத் தெரியல. விசில் சத்தம் கேட்டுச்சு, ஆஃப்சைடு போலன்னு நெனச்சேன். மேட்ச நிப்பாட்டிட்டாங்கன்னு யாரும் சொல்லல. அவங்க கோலியும் பேசாம போயிட்டான். நான் பாட்டுக்குக் கையத் தூக்கிட்டு, பந்து போடுங்கடா, பந்து போடுங்கடான்னு கத்திக்கிட்டே இருக்கேன். ஒரு உருவம் கிட்ட வந்துச்சு. மறிக்க வர்ற அவங்க பேக்குன்னு நெனச்சு, இப்பிடிப் போற மாதிரி காட்டி அப்பிடி ஒதுங்குனேன். பாத்தா குதிரண்ணே. டூரிஸ்ட் ஏத்துற குதிர. மேயுது."

"பெறகு?"

"பெறகென்ன, குதிரக்காரரு வந்து, மேட்ச்சு முடிஞ்சு அர மணி நேரம் ஆச்சு தம்பின்னாரு. ரோட்டுக்கு ஓடியாந்தேன். வண்டி போயிருச்சு. நடந்தே போனேன். அன்னையிலருந்து முன்னாடி நின்னாலே திரும்பித் திரும்பி நம்ம ஆளுகளத் தேடுறேன். நடுவுல நின்னா சுத்தி நம்ம ஆளுக சத்தம் கேக்கும்ண்ணே. எங்க ஓடுனாலும் நாலு பேரு இருப்பாங்க."

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு மணி டிரிப். டீம் மொத்தமும் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து ஏறியது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டேன். "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்றார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ரைட் கொடுத்தேன். வழியெல்லாம் ஜெபராஜைப் பற்றித்தான் பேச்சு. மேகத்துக்குள்ளும் அவன் இடத்தை விட்டு அசையவில்லை, எதிர் டீம் பேக் ரெண்டு பேரையும் கட்டிப் போட்டுவிட்டான் என்று புகழ்ந்து தள்ளினார்கள். நானும் ஒத்து ஊதினேன். அவன் வண்டியில் இருக்கிறானா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அந்த வண்டிய எடுக்கச் சொன்னது நான்தானப்பா" என்றேன்.

"தெரியும்ண்ணே. பரவால்ல. வண்டில சொல்லிறாதீங்க. குதிர மேட்டர் தெரிஞ்சா ஊருக்குள்ள நடமாட முடியாது."

குதிரையை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டேன். (இப்போது அவனே குதிரையை நடித்துக் காட்டுகிறான், அதனால் எழுதுகிறேன்.)

அன்று சாயந்திரம் ஜெபராஜும் ஏறியிருந்த டிரிப்பில் வண்டியின் நடுவில் நின்று சொன்னேன். என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். செல்லையா அண்ணன் மெதுவாக, "அப்ப டாக்டிக்ஸ் இல்லையா?" என்று கேட்டார். பெரியநாயகி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெபராஜைப் பார்த்து, "ஏலே, அன்னிக்கு ஒனக்குன்னு ஒரு பொட்டலம் கடல எடுத்து வச்சேன். நீ வந்து வாங்கலன்னு இத்தன மாசமா ஒம்மேல கோவமா இருந்தேனேடா" என்றார்.

வண்டி பேத்துப்பாறை வரை சத்தமே இல்லாமல் போனது. நாலு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் போன வண்டிக்காரன், நாங்கள் அவன் டைமில் நுழைந்துவிட்டோம் என்று முதலாளிக்குப் போன் போட்டான்.

ஒரு ஆள் குறைவு

மறுநாள் ஞாயிறு, எனக்குக் கடைசி நாள். மேட்சுக்கு வந்தவர்கள் எல்லாம் நாலு மணி டிரிப்புக்கு வருவார்கள். அன்றைக்கும் மூன்றரைக்கே மேகம் இறங்கி மேட்சை நிறுத்திவிட்டார்கள். டீம் வந்து ஏறியது. ஒவ்வொருத்தர் தலையாகத் தொட்டு எண்ணினேன். பத்து. இன்னொரு முறை எண்ணினேன். பத்து.

"யாருப்பா வரல?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஜெபராஜ்தான் முதலில் எழுந்தான். "குமாரு எங்கடா?"

குமார், அந்த சீசனில் ஜெபராஜ் இடத்தில் ஃபார்வர்டு நின்றவன்.

ஜெபராஜ் குதித்து இறங்கி மேகத்துக்குள் ஓடினான். அவன் பின்னால் வண்டி மொத்தமும் இறங்கியது. இரண்டு கட்சியும் கையைக் கோத்துக்கொண்டு, "குமாரு, ஏ குமாரு" என்று கத்திக்கொண்டு போனார்கள். நாலு மணி தாண்டியது. நாலு பத்து ஆனது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் போன் அடித்தது.

"எங்கய்யா நிக்கிற? போன் வந்துக்கிட்டே கெடக்கு. வெரசா வண்டிய எடு. இல்ல, பையக் கழட்டி சூசைகிட்டக் குடு."

"எடுக்க முடியாது முதலாளி. ஒரு ஆளு ஏறல."

"ஒத்த ஆளுக்காகவா? எவன்?"

"ஃபார்வர்டு."

"நேத்து நீ வண்டில சொன்னதெல்லாம் கேள்விப்பட்டேன். கூட்டிட்டே வா. பின்னாடி நிக்கிற வண்டிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பின்னால் நின்ற வண்டியின் ஹாரன் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது.

நாலு பதினாறுக்கு ஜெபராஜ் குமாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். குமார் பனியன் நனைந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தான். "எல்லாரும் ஏன் மேட்ச விட்டுட்டு எம்பேரச் சொல்லிக் கத்துறீக?" என்று கேட்டான். பெரியநாயகி அக்கா அவன் கையில் கடலையைத் திணித்தார். ஜெபராஜ் எல்லோரும் ஏறும்வரை கீழேயே நின்று, கடைசி ஆளாக ஏறி, "போலாம்ண்ணே" என்றான். அதற்குப் பிறகுதான் ரைட் கொடுத்தேன்.

தம்பிகளே, இப்போது உங்கள் கையில் டிக்கெட் மிஷின் இருக்கிறது. ஏறினவர் எத்தனை பேர் என்று அது சரியாகச் சொல்லிவிடும். ஏறாமல் நிற்கிற ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.